மூணாவது வரிசை, சேவ்!

மேசை மணியில் ஒரு தட்டு. பிறகு குரல்.

"மூணாவது வரிசை, சேவ்!"

எட்டுப் பேர் ஒரே நொடியில் விசையை அழுத்திவிட்டு நாற்காலியில் சாய்வார்கள். மற்ற நான்கு வரிசைக்காரர்களும் தட்டச்சு செய்யலாம், படம் ஒட்டலாம், கொட்டாவி விடலாம். செய்த வேலையைச் சேமிக்க மட்டும் கூடாது. அதற்கு அவர்கள் முறை வரவேண்டும். முறை வந்ததா இல்லையா என்பதை ஜோசெத் மதாம் சொல்லவேண்டும். பத்து நிமிடம் கழித்து மறுபடி மணி. "நாலாவது வரிசை... ஏய், இருடா, நான் இன்னும் சொல்லல. ம்... சேவ்!"

ஒருகாலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில், மூலக்குளத்தில், வில்லியனூர் சாலையில், தரை ஓடு விற்கும் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது இந்த அச்சுக்கோப்பு அலுவலகம். பிரான்சில் எழுதப்படும் மருத்துவப் புத்தகங்களையும் மருந்துக் கையேடுகளையும், பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாத நாற்பது பேர் பக்கம் பக்கமாகக் கோத்து பாரிசுக்கு அனுப்புகிறார்கள். நாற்பது கணினி, ஒரு சர்வர். யார் எதைச் செய்தாலும் கடைசியில் அது சர்வரில் போய்ச் சேரவேண்டும். சர்வருக்குப் போகும் வழியோ, நிறுவனம் தொடங்கியபோது ஐந்து கணினிகளுக்காக வாங்கியது. கணினிகள் எட்டு மடங்காயின. வழி அப்படியே நின்றது. நம் ஊர்ச் சாலைகளில் வண்டி ஓட்டியவர்கள் இதில் வியக்க ஒன்றுமில்லை.

2001ஆம் ஆண்டில் ஒரு நாள் மதியம், சாப்பாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் சேமித்தார்கள். கல்லீரலைப் பற்றிய நானூறு பக்கப் புத்தகம் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. சர்வர் இரண்டு நாள் படுத்துவிட்டது. எழுந்தபோது கல்லீரலில் பாதியைக் காணவில்லை. உரிமையாளர் வெற்றிவேல் இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். புது இணைப்பு வாங்குவதற்குப் பதில் ஓர் ஆளை உட்காரவைப்பது. இந்தியாவில் எந்த இயந்திரக் கோளாறுக்கும் முதல் மருந்து அதுதான்.

அவரவர் கணினியிலேயே சேமித்து வைத்துக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அங்கேயும் கேட்டார்கள். செய்தும் பார்த்தார்கள். ஒரே அத்தியாயம் மூன்று கணினிகளில் மூன்று விதமாகக் கிடந்தது. மூன்றில் மிக மோசமானது எதுவோ அது பாரிசுக்குப் போயிற்று. அன்றோடு அந்த வழியும் அடைபட்டது.

உட்காரவைக்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. ஜோசெத், அலுவலகத்தில் பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள். பிழைதிருத்துவதற்காகச் சேர்ந்தவர். அதற்கு முன் கன்னியர் விடுதி ஒன்றில் இருபது வருடம் மேற்பார்வையாளர். நூற்றிருபது பெண்பிள்ளைகளைக் குளியலறைக்கு வரிசையாக அனுப்பியவருக்கு நாற்பது கணினிகள் எம்மாத்திரம். உயரமான முக்காலி ஒன்றும் மேசை மணி ஒன்றும் கொடுத்தார்கள். பிழைதிருத்தும் வேலையை பாரிஸ்காரர்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். சம்பளப் பட்டியலில் மட்டும் அவர் இன்றுவரை பிழைதிருத்துநர்தான்.

ஐந்து வருடம் அந்த அறையில் அவர் வைத்ததே சட்டம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முறை தாண்டிச் சேமிக்கலாம். பெண் பார்க்க வருகிறார்கள் என்றாலும் சேமிக்கலாம். கிரிக்கெட் என்றால் முடியாது. இரண்டாவது வரிசையில் இருக்கும் கோவிந்தராசு ஒரே வருடத்தில் தன் பெரியப்பாவை மூன்று முறை சாகடித்து மூன்று முறையும் சலுகை வாங்கியிருக்கிறார். நான்காவது முறை மதாம், "உங்க பெரியப்பாவ ஒருதடவ நல்லா சேவ் பண்ணி வைடா, அடிக்கடி அழிஞ்சிபோறாரு" என்றார். மாலை நான்கு மணிக்கு மேல் முக்காலிக்குப் பக்கத்தில் சுழியமும் வடையும் கத்தோ என்கிற கேக் துண்டுகளும் தாமாகவே வந்து சேரும். லஞ்சம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் வடை வந்த வரிசைக்கு மணி இரண்டு நிமிடம் முன்னதாக அடிப்பதைப் பலர் கவனித்திருக்கிறார்கள்.

அவருக்கு முதுகிலும் கண் இருக்கிறது என்பது அலுவலக நம்பிக்கை. தாமதமாக வருகிறவர் பின்பக்கமாக நழுவினாலும், திரும்பிப் பார்க்காமல், "பொன்ஜூர், தனக்கொடி. பதினேழு நிமிஷம்" என்பார். நேருக்கு நேர் பேசும்போதோ முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். "பிரெஞ்சுக் குடிமகள், அந்தத் திமிரு" என்று கீழே ஓட்டுக் கடைக்காரர் சொல்வதுண்டு.

திமிர் இல்லை. முதுகில் மட்டுமல்ல, முகத்திலும் அவருக்குக் கண் சரியில்லை. மூன்று வருடமாக இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து வருகிறது. எதை நேராகப் பார்த்தாலும் அதன் நடுவே ஒரு சாம்பல் கறை. ஓரத்தில் மட்டும் உலகம் மிச்சமிருக்கிறது. ஆபரேஷனால் பயனில்லை, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ஆட்களைச் செருப்புச் சத்தத்தில் அடையாளம் தெரிந்துகொள்கிறார். வருகைப் பதிவேட்டில் தன் பெயர் எத்தனையாவது வரி என்று விரலால் எண்ணிக் கையெழுத்துப் போடுகிறார். மணி அடிப்பதற்கும் கத்துவதற்கும் கண் தேவையில்லை என்பது அவருடைய அதிர்ஷ்டம். இந்த விஷயம் அலுவலகத்தில் முதல் வரிசை அஞ்சலாட்சிக்கு மட்டும் தெரியும். பதிவேட்டில் ஒரு நாள் வரி தப்பி அவர் அஞ்சலாட்சியின் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதால் தெரிந்தது.

மறைக்க வேண்டிய காரணம் பணம் இல்லை. கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் போனபிறகும் பென்ஷன் தவறாமல் வருகிறது. கருவடிக்குப்பத்தில் சொந்த வீடு இருக்கிறது. காரணம் மகள் மரி-லோர். பிரான்சில் துலூஸ் நகரில் எட்டாவது மாடியில் வசிக்கும் அவர், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து அம்மா வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும் நேரத்துக்குச் சரியாகத் தொலைபேசியில் வந்துவிடுகிறார். அறை தயார். நீலத் திரைச்சீலை போட்டாயிற்று. "அங்க தனியா கெடந்து இன்னா பண்ற மம்மா?" ஊரில் பாதிப் பேர் விசாவுக்கு வரிசையில் நிற்கிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஜோசெத்துக்கு விசா மறுக்கப்படும் பாக்கியம் இல்லை. அவரிடம் இருந்த ஒரே பதில், "எனக்கு இங்க வேல இருக்குதுடி. நான் இல்லன்னா நாப்பது பேர் நிப்பாங்க." வேலை போனால் மறுநாளே விமானம். அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

ஒரு குளிர்காலம் மகள் வீட்டில் மூன்று மாதம் போய் இருந்துவிட்டு வந்தவர் அவர். "யாரையும் கூப்புட வேணாம் அங்க" என்று அதைப்பற்றிச் சொல்வார். "கதவு தானா தொறக்குது. லிப்ட்டு தானா பேசுது. நான் பேசனா பக்கத்து ஊட்டுக்காரி போலீசுக்குப் போன் பண்றா."

இப்படி எல்லாம் ஒழுங்காக மெதுவாக நடந்துகொண்டிருந்தபோதுதான், 2006 ஜூலையில், வெற்றிவேல் சென்னையில் ஒரு கணினிக் கண்காட்சிக்குப் போனார். வெற்றிவேல் வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்பா இன்னும் கரும்பு போடுகிறார். மகன் பதினோரு நாள் பாரிசில் இருந்துவிட்டு டை என்கிற கழுத்துப்பட்டை ஒன்றோடு திரும்பியவர். கண்காட்சியிலிருந்து வேகத்தோடு திரும்பினார். மறுநாள் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: 'வேகமான சர்வர் இணைப்பின் பத்து நன்மைகள்'. மூன்றாவது நன்மையும் எட்டாவது நன்மையும் ஒன்றேதான். வேகத்தில் நேர்ந்திருக்கலாம்.

விளக்கிச் சொல்ல சென்னையிலிருந்து பொறியாளர் பூர்ணிமா வந்திருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். நாற்பது பேரையும் நிற்கவைத்துப் பேசினார்.

"இப்ப உங்ககிட்ட இருக்கற ஹப்பு, உங்க ஊரு ஞாயித்துக்கிழமை சந்தையில ஒரே ஒரு சந்து இருக்கற மாதிரி. ஒருத்தர் போனா மத்தவங்க நிக்கணும். ரெண்டு பேர் ஒண்ணா நுழைஞ்சா முட்டிக்கிட்டு ரெண்டு பேரும் திரும்பணும். நாங்க போடப்போற ஸ்விட்ச்சுல ஒவ்வொருத்தருக்கும் தனி வழி. சர்வருக்குப் போற வழி மட்டும் இப்ப இருக்கறதைவிட நூறு மடங்கு வேகம்."

முக்காலியிலிருந்து குரல் வந்தது. "ஏம்மா, நூறு மடங்குன்றியே, அந்த வயரு சூடாவாதா?"

"ஆகாது மேடம்."

"மதாம்" என்று திருத்தினார் கோவிந்தராசு.

"ஆகாது மதாம்."

"எலி கடிச்சா?"

"இப்ப இருக்கற வயரையும்தான எலி கடிக்கும்?"

"அது பழைய வயரு. எலிக்குப் புடிக்காது."

"எலிக்கும் வரிசை போட்டுடலாம் மதாம்" என்றார் கோவிந்தராசு. "மொத வரிசை எலி, கடி!"

அறை சிரித்தது. மதாம் சிரிக்கவில்லை. "வேகமா போனா தப்பும் வேகமா போவும். அதுக்கு இன்னா பண்ணுவ?"

பூர்ணிமா நல்ல பெண். கேள்வியை உண்மையான கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். "தப்பு வேகமா போனா, திருத்தமும் அதே வேகத்துல போகும் மதாம்."

வெற்றிவேல் நடுவில் புகுந்தார். அவர் புகும் இடமெல்லாம் அப்படித்தான், உதவி செய்யத்தான் புகுவார். "மதாம், பத்துல மொத நன்மையே உங்களுக்குத்தான். இனிமே கத்த வேணாம். பழையபடி உக்காந்து ப்ரூப் பாக்கலாம். பாரிசுக்கு எழுதிட்டேன். எங்ககிட்ட பிரெஞ்சு தெரிஞ்ச ஆள் இருக்குது, இனிமே நாங்களே படிச்சித் திருத்தி அனுப்பறோம்னு. அவங்களுக்கு ஒரே சந்தோஷம்."

"மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார் ஜோசெத். அப்போது அவர் கை மேசை விளிம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டதை அஞ்சலாட்சி மட்டும் பார்த்தார்.

"முடியலன்னா சொல்லிடுங்க" என்று வெற்றிவேல் கருணையோடு முடித்தார். "வயசாச்சி, மக கூப்புட்டுக்கினே இருக்காங்க. போயி ரெஸ்ட் எடுங்க. உங்களுக்கு இன்னா, பாஸ்போர்ட்டு கையில இருக்குது."

அடுத்த பதினைந்து நாளும் அவர் போராடினார். சுவரில் துளை போட்டால் கட்டடம் தாங்காது என்று ஓட்டுக் கடைக்காரரைக் கிளப்பிவிட்டார். கடைக்காரர் மேலே வந்து பார்த்துவிட்டு, தாங்கும் என்றார். வேலைப்பளு கூடும் என்று ஐந்து வரிசைகளிலும் ரகசியமாகப் பிரசாரம் செய்தார். இது ஒன்றுதான் உண்மை. ஆகவே இதை யாரும் நம்பவில்லை. ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை சேமித்தவர்கள் நினைத்த நேரத்தில் சேமிக்கலாம் என்றால் யாருக்குத்தான் நாக்கில் எச்சில் ஊறாது.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை புது வயர் இழுத்து முடித்தார்கள். சோதனை ஓட்டம். வெற்றிவேல் கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். எல்லாக் கணினியிலும் ஆளுக்கொரு அத்தியாயம் திறந்திருந்தது. பூர்ணிமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "எல்லாரும் இப்ப ஒண்ணா சேவ் பண்ணுங்க" என்றார்.

யாரும் செய்யவில்லை.

"பண்ணுங்க, பரவால்ல. ஒண்ணும் ஆகாது."

நாற்பது விரல்கள் விசைக்கு மேலே நின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கல்லீரல் காணாமல்போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் பாதிப் பேர். அதன்பிறகு சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தந்த பாடமும் அதுதான்.

"சேவ் பண்ணுங்கய்யா!" என்று வெற்றிவேல் கத்தினார். "நான் சொல்றேன், பண்ணுங்க!"

சம்பளம் கொடுப்பவர் சொல்லியும் ஒரு விசையும் அழுந்தவில்லை. நாற்பது தலைகளும் மெல்ல முக்காலியின் பக்கம் திரும்பின. நூறு மடங்கு வேகமுள்ள இணைப்பு, பொறியாளர், உரிமையாளர், அவருடைய கழுத்துப்பட்டை எல்லாம் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவரின் வாய்க்காகக் காத்து நின்றன. பூர்ணிமாவின் நிறுவனம் அச்சிட்ட கையேட்டில் இந்தத் தடங்கலுக்குத் தீர்வு எதுவும் இல்லை.

மதாம் மணியின் மேல் விரலை வைத்துக்கொண்டார். முகம் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது, அதாவது அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அலுவலகத்தில் இப்போதும் விவாதம் நடக்கிறது. புது இணைப்பை மூட்டை கட்டி அனுப்பியிருப்பார்கள் என்பது கோவிந்தராசு கட்சி.

"இன்னா மதாம்" என்றார் வெற்றிவேல், குரல் இறங்கி. "சொல்லுங்க."

மணியை ஒருமுறை தட்டினார். "எல்லா வரிசையும்" என்றார். இதுவரை சொல்லாத சொற்கள் என்பதால் நடுவே நிறுத்தி மூச்சு வாங்கவேண்டி வந்தது. "எல்லா வரிசையும்... சேவ்!"

ஐம்பத்திரண்டு விநாடி. நாற்பது பேருடைய வேலையும் சர்வரில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. ஒரு கல்லீரலுக்கும் சேதமில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். மதாமும் தட்டினார். திங்கட்கிழமை வந்தபோது முக்காலியை ஏற்கெனவே வேறு யாரோ பூந்தொட்டி வைக்க எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வேகத்தின் நன்மைகள் உடனே தெரிய ஆரம்பித்தன. சேமிக்கக் காத்திருந்த நேரமெல்லாம் மிச்சமானதால், ஆளுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பக்கம் என்றிருந்தது இருபது ஆயிற்று. அந்தப் பத்துப் பத்து நிமிடங்களில் அஞ்சலாட்சி தன் அக்கா பிள்ளைக்கு இரண்டு ஸ்வெட்டர் பின்னி முடித்திருந்தார். மூன்றாவது, ஒரு கையோடு நின்றுவிட்டது. கோவிந்தராசு அதே நிமிடங்களில் அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். இனி அவர் நிறுவனத்தை விட்டுப் போகும் ஆபத்து இல்லை. டீ குடிக்கப் போவதற்கு, "சர்வர் ஸ்லோ" என்ற நியாயமான காரணம் போய்விட்டது. அதைவிட நியாயமான காரணம் ஒன்றை இதுவரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. சுவரில் பத்து நன்மைகளுக்குக் கீழே யாரோ பென்சிலால் பதினொன்று என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்கள்.

ஜோசெத்துக்கு மூலையில் ஒரு மேசை, சிவப்புப் பேனா, ஒரு கட்டுத் திருத்தச் சீட்டு, குழந்தைகளுக்கான மருந்துக் கையேடு ஒன்றின் அச்சுப்படிகள். எழுத்துகள் எறும்புகளைவிடப் பெரியவை அல்ல. பூதக்கண்ணாடி கைப்பையில் இருந்தது. அதை வெளியில் எடுத்த மறுநிமிடம் மொத்த அலுவலகத்துக்கும் விஷயம் தெரிந்துவிடும். எனவே எடுக்கவில்லை. தாளைக் கையில் பிடித்து, தலையைச் சாய்த்து, உதட்டை அசைத்து, சரியான இடைவெளியில் பக்கத்தைத் திருப்பி, படிப்பவர் செய்யும் எல்லாவற்றையும் செய்தார். படிப்பதை மட்டும் மதியச் சாப்பாட்டு வேளையில் மாடிப்படிக்கட்டில் அஞ்சலாட்சி செய்தார். பிரெஞ்சு தெரியாத அவர் எழுத்து எழுத்தாகச் சொல்ல, மதாம் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிக் கேட்டார். பிரெஞ்சில் எழுத்துக்கு மேலே போடும் சிறு கோடு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைப் பொறுத்து ஒலி மாறும்.

"டி... ஓ... எஸ்... இ... மேல ஒரு குச்சி சாஞ்சிருக்குது மதாம்."

"எந்தப் பக்கம் சாஞ்சிருக்குது?"

"என் பக்கந்தான்."

"நீ எந்தப் பக்கம் உக்காந்துருக்கற?"

மூன்று நாளில் ஒன்பது பக்கம் முடிந்தது. அஞ்சலாட்சி நாளைக்கு இருபது பக்கம் கோக்கவேண்டியவர். நான்காவது நாள், பக்கம் குறைந்ததற்கு விளக்கம் கேட்டு அவருக்குக் குறிப்பாணை வந்தது.

வியாழக்கிழமை வெற்றிவேல் மூலை மேசைக்கு வந்தார். கையில் ஒரு புதுத் திரை. "மதாம், பேப்பர்ல பாக்கறதால ஸ்லோ ஆவுது. தப்பா நெனைக்காதீங்க. இனிமே பேப்பரே வேணாம். சர்வர்லேர்ந்து நேரா ஸ்கிரீன்ல பாருங்க, அதுக்குத்தான இவ்ளோ செலவு பண்ணிருக்கேன். திங்கக்கிழம சாயங்காலத்துக்குள்ள அறுவது பக்கம். பாரிஸ்ல காத்துக்கினு இருக்காங்க. ஆவலன்னா..." என்று இழுத்து, மேலே சொல்லவேண்டியதை நல்ல மனதோடு சொல்லாமல் விட்டார். வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்பதுதான் அது. ஆள் கிடைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. இந்த ஊரில் பிரெஞ்சு படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மரி-லோர் வழக்கம்போல் கேட்டார். வழக்கமான பதில் வரவில்லை. "பாக்கலாம்டி" என்றார் அம்மா. எதிர்முனையில் மகள் மகிழ்ச்சியில் கத்தியதையும், டிக்கெட் விலையை அப்போதே கணினியில் தேட ஆரம்பித்ததையும் மதாமே பிற்பாடு சொன்னார். "அங்கியும் இன்டர்நெட்டு வேகந்தான்."

திங்கட்கிழமை காலை திரைக்கு முன் உட்கார்ந்தார். மருந்துக் கையேட்டின் பக்கம் வந்து நின்றது. அவருக்கு அது வெள்ளைத் தட்டில் கொட்டிய சாம்பல். தலையை இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார். தாளாவது கைக்கு அடங்கும், அருகில் தூரத்தில் கொண்டுபோகலாம். திரையை என்ன செய்வது. முக்கால் மணி நேரம் ஒரே பக்கம். பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை. அஞ்சலாட்சி முதல் வரிசையிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தரை மணிக்குக் கோவிந்தராசு தண்ணீர் குடிக்க வந்தார். தண்ணீர்க் குடுவை மூலை மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

"மதாம், ஒரு தப்பு பண்ணிக்கட்டா?"

"இன்னாடா?"

"பெருசு பண்ணப் போறேன். திட்டுவீங்களா?"

பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது அந்த அலுவலகத்தில் குற்றமாக இருந்தது. படம் நிறைந்த பக்கத்தை ஒருவர் பெரிதாக்கினால், பழைய வழியில் சர்வர் அந்தப் படம் முழுவதையும் மறுபடி அனுப்பவேண்டும். ஒரு வரிசையே உறைந்துபோகும். அதனால் யாரும் எதையும் பெரிதாக்கக்கூடாது, உள்ள அளவிலேயே பார்க்கவேண்டும் என்று தடை போட்டவர் வேறு யாருமில்லை, ஜோசெத் மதாம்தான். "எவன்டா பெருசு பண்ணது?" என்று அவர் போட்ட சத்தத்தில் கோவிந்தராசு அதிக முறை அகப்பட்டவர். பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்ள வந்தாரா, அல்லது அவருக்கும் ஏதாவது புரிந்திருந்ததா என்பது தெரியவில்லை. கேட்டால் தண்ணீர் குடிக்க வந்தேன் என்கிறார்.

மதாமின் பதிலுக்குக் காத்திராமல் சுட்டெலியின் சக்கரத்தை உருட்டினார். பக்கம் இரு மடங்காயிற்று. ஒரு நொடியும் தயங்கவில்லை. எந்த வரிசையும் உறையவில்லை.

"பாத்தீங்களா? எப்பிடி வருது பாருங்க."

மதாம் தலையைச் சாய்த்தார். "இன்னும்."

"இன்னுமா?" நான்கு மடங்கு.

"இன்னும்டா."

"மதாம், ஒரு வார்த்ததான் தெரியும் அப்பறம்..."

"அலே, உருட்டுடா! இன்னும்!"

கோவிந்தராசுவின் சிரிப்பு நின்றது. சக்கரத்தைக் கடைசிவரை உருட்டினார். திரையில் மூன்று எழுத்து மட்டும் மிச்சமிருந்தன. ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அகலம். பிறகு தண்ணீர் குடிக்காமலே தன் இடத்துக்குப் போய்விட்டார்.

மதாம் நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுக்கொண்டார். முகம் சுவரைப் பார்த்திருக்க, ஓரக்கண் திரையில். கை சக்கரத்தில். எழுத்துகள் வலமிருந்து இடமாக ரயில்பெட்டி மாதிரி ஒவ்வொன்றாக நகர்ந்தன. அவருடைய உதடும் நகர்ந்தது, இந்த முறை நடிப்புக்காக அல்ல. ஒரு பக்கம். அடுத்த பக்கத்துக்கு ஒரு தட்டு, உடனே வந்தது. இன்னொரு பக்கம். நூறு மடங்கு வேகத்தில் சர்வர் அனுப்பிக்கொண்டே இருந்தது. அவர் விரும்பிய வேகத்தில் அவர் படித்துக்கொண்டே போனார். மதியச் சாப்பாட்டு வேளை வந்தபோது பதினேழு பக்கம். அஞ்சலாட்சி படிக்கட்டில் சாப்பாட்டு டப்பாவோடு காத்திருந்துவிட்டுத் தனியாகச் சாப்பிட்டார்.

படிக்கட்டில் முடித்த ஒன்பதையும் சேர்த்து, மூன்று மணிக்கு நாற்பத்தோராம் பக்கம். காய்ச்சல் மருந்து, குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி என்ற அட்டவணை. சக்கரம் நின்றது. ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில், அடிப்பக்கத்தில், கறுப்பாக ஒரு திட்டு.

திரையில் படிந்த தூசியாக இருக்கலாம். புடவைத் தலைப்பை விரலில் சுற்றி, அந்த இடத்தில் அழுத்தித் துடைத்தார். போகவில்லை. ஊதினார். எச்சில் தொட்டு இன்னொருமுறை தேய்த்தார். பக்கத்தை அரை அங்குலம் மேலே நகர்த்தினார். திட்டும் கூடவே நகர்ந்தது.

பாரிசிலிருந்து வந்த மூலப்படியைத் திறந்து, அதே அட்டவணையை அதே அளவுக்குப் பெரிதாக்கி, கழுத்து வலிக்கும்வரை ஓரக்கண்ணால் பார்த்தார். அங்கே ஒன்றும் ஐந்தும் ஒட்டி நின்றன. நடுவில் புள்ளியோ கோடோ எதுவும் இல்லை. பதினைந்து மில்லி, இங்கே ஒன்றரை ஆகியிருந்தது.

திருத்தச் சீட்டுக் கட்டைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினார்.